ஜன்னலுக்குள் கோழிப்பண்ணை

"அந்தக் கோழிப்பண்ணைய மட்டும் எடுத்துப்போடு கண்ணு. நோட்டீஸ்ல போற படத்துல மட்டுந்தான். அப்ரூவலுக்குப் போறதுல அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

அன்னூர் ரோட்டில் மனை பிரித்து முப்பத்திரண்டு சைட் போட்டிருந்த திருமூர்த்தி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த வர்ஷினியிடம் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

பெரிய வேலையே இல்லை. கம்ப்யூட்டரில் இருப்பது ஒரே வரைபடம்தான். அச்சுக்குப் போகும் தாளில் அதைப் பார்க்க ஜன்னல் மாதிரி கட்டம் கட்டமாகத் திறந்து வைப்பார்கள். வியூபோர்ட் என்று பெயர். எந்த ஜன்னலில் எது தெரியலாம், எது தெரியக் கூடாது என்பது வரைகிறவர் கையில். வர்ஷினி மவுஸை நாலு தட்டுத் தட்டினால் நோட்டீஸ் ஜன்னலில் மட்டும் பண்ணை காணாமல் போய்விடும்.

தட்ட மாட்டேன் என்றுவிட்டாள்.

பிரசவ லீவு முடிந்து வந்து இரண்டு மாதம்தான். அதற்கு முன் சார் சொல்லுக்கு மறுசொல் சொல்லாத பெண். இப்போது, கைக்குழந்தையோடு குடி வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள், சோத்துத் தட்டில் ஈ மொய்க்கும், காற்று திரும்பினால் தொட்டில் வரைக்கும் நாற்றம் வரும், மறைத்து விற்கிற பாவத்துக்கு என் கையைக் கேட்காதீர்கள், வேண்டுமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரே மூச்சில் கொட்டினாள். கண்கூடக் கலங்கிவிட்டது.

திருமூர்த்தி இருபது வருஷம் அடுத்தவன் சைட்டைக் காட்டிக் காட்டியே ஸ்கூட்டர் டயரைத் தேய்த்தவர். இதுதான் சொந்தமாகப் போட்ட முதல் லேஅவுட். இது ஊற்றிக்கொண்டால் மறுபடி அதே ஸ்கூட்டர்தான்.

மத்தியானம் குழந்தைக்குப் பால் கொடுக்க அவள் வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, தானே உட்கார்ந்தார்.

பண்ணையை எப்படி மறைப்பது என்று தெரியாது. படத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் ஜன்னலுக்கு வெளியே போய்விடாதா? இடப்பக்கம் இழுத்தார். பண்ணை போனது, கூடவே பஸ் ஸ்டாப்பும் போனது. வலப்பக்கம் இழுத்தார். பஸ் ஸ்டாப் வந்தது, பள்ளிக்கூடம் போனது. பண்ணை மட்டும் மூலையில் எட்டிப் பார்த்தது.

மவுஸ் சக்கரத்தை உருட்டினார். முப்பதடி ரோடு பைபாஸ் மாதிரி வீங்கி, ஜன்னல் முழுக்கக் கோழி ஷெட்டாக நின்றது. பதறிப்போய்ப் பின்னால் உருட்டினார். சைட்டெல்லாம் தீப்பெட்டியாகச் சுருங்கி, அதுவரை எங்கோ இருந்த சுடுகாடும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

திரும்பி வந்த வர்ஷினி சிரிப்பை உதட்டுக்குள் கடித்துக்கொண்டாள். ஸ்கேலைப் பழையபடி சரிசெய்தாள். இனி யார் உருட்டினாலும் அசையாதபடி ஜன்னலுக்கு ஒரு பூட்டும் போட்டாள்.

"சாருக்குப் பண்ணை மட்டும் போதுங்களா, சுடுகாடும் சேத்துக் காட்டோணுங்களா?"

நோட்டீஸ் பண்ணையோடேயே அச்சானது.

ஆச்சரியம், சைட்டுகள் விற்றன. இப்படி உள்ளதை உள்ளபடி போடுகிற ஆள் யாருங்க என்று தேடிக்கொண்டே வந்தார்கள். திருமூர்த்தியும் கொஞ்ச நாளில் அதைத் தன் பிறவிக் குணமாகவே நம்பத் தொடங்கி, கல்யாண வீடுகளில்கூட நேர்மையைப் பற்றிப் பேசினார்.

பண்ணை மதிலை ஒட்டிய கார்னர் சைட்டை மட்டும் ஒருத்தரும் சீண்டவில்லை. நோட்டீஸில் பார்த்துவிட்டு, வருகிறபோதே மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு தடவை விலையை இறக்கியும் அது அப்படியே கிடந்தது.

அப்போதுதான் வர்ஷினி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். அந்தக் கார்னரை நாங்களே எடுத்துக்கறோமுங்க என்றாள்.

திருமூர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். தன் பேச்சால்தான் அது விற்காமல் நிற்கிறது என்று இந்தப் பெண் மனசுக்குள் எவ்வளவு வெந்திருக்கிறாள்!

"கைக்குழந்தைய வெச்சுட்டு அந்த நாத்தத்துலயா கண்ணு?"

"பழகிக்குவோமுங்க சார்."

கேட்காமலேயே இன்னும் கொஞ்சம் குறைத்தார். வீட்டுக்குப் போய் மனைவி புவனாவிடம் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரிஜிஸ்டர் ஆபீஸில் திருமூர்த்தி தன் கையெழுத்தையெல்லாம் போட்டு முடித்த பிறகு, சாட்சிக் கையெழுத்துப் போட வர்ஷினியின் தாய்மாமன் கதிர்வேல் முன்னால் வந்தார். பெயருக்குக் கீழே அவர் எழுதிய விலாசத்தைத் திருமூர்த்தி இரண்டு தடவை படித்தார். அவருக்கு இத்தனை நாளும் பண்ணையை நடத்துகிற குத்தகைக்காரரைத்தான் தெரியும்.

"ஏனுங்க, அந்தக் கோழிப்பண்ணை இருக்கற எடம் உங்களுதுங்களா?"

"நம்முளுதுதானுங்க. குத்தகை தையோட முடியுதுங்க. இனி வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். ஷெட்டப் பிரிச்சுட்டுத் தென்னை வெக்கலாம்னு இருக்கறனுங்க. அம்மணிக்குப் பிரசவ லீவுல இருந்தப்பவே தெரியுமே, உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

திருமூர்த்தி மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

வர்ஷினி தூங்குகிற குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குப் பதமாக மாற்றிக்கொண்டாள்.

"பண்ணை இருக்கறத மறைக்கக் கூடாதுன்னுதானுங்க சார் நான் சொன்னேன். எத்தன நாளைக்கு இருக்கும்னு நீங்க கேக்கவே இல்லீங்களே."