அப்பா வழி

சொந்த அப்பா செத்த வயதை யாராவது துண்டுச்சீட்டைப் பார்த்துச் சொல்வார்களா? பதிவு செய்பவளுக்கு அங்கேயே பொறி தட்டியது.

"பையனோட தாத்தா நாப்பத்தொண்ணுல போயிட்டார். நடந்துக்கிட்டே இருந்தவர் விழுந்தார், அவ்வளவுதான். சித்தப்பா இருபத்தாறுல. அதே மாதிரி" என்றார் அவர்.

ஐசியூவை ஒட்டிய சின்ன அறை. அவருடைய பதினாலு வயது மகன் நாலு நாளாகக் கண் திறக்கவில்லை. பள்ளி மைதானத்தில் ஓடும்போது சுருண்டு விழுந்தவன். பரம்பரையாக வரும் இதய நோய்களை ஆராயும் குழுவுக்காக, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்டு டேப்லெட்டில் ஏற்றுவது அவள் வேலை.

ஏற்றினாள். திரையில் சிவப்பு எழுத்து: முந்தைய பதிவோடு பொருந்தவில்லை.

"சார், உங்க அண்ணன் நேத்தே போன்ல படிவத்தை நிரப்பி அனுப்பிட்டார். உங்கப்பா எண்பத்திமூணு வயசுல, மூப்புல போனாராம். உங்களுக்குத் தம்பியே கிடையாதாம்."

அவர் துண்டுச்சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"பரம்பரை வியாதின்னா வைத்தியம் இலவசம்னு யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. அதானே?"

"இல்லம்மா. நான் சொன்னதை அப்படியே டாக்டருக்கு அனுப்புங்க. மருந்தை மாத்தறதுன்னா இன்னிக்கே மாத்தணும்னார்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம்னு பார்க்கறீங்களா? பிள்ளை உயிர் சார் இது! தப்பான தகவல் போனா மருந்தும் தப்பாத்தான் போகும். காலையில உங்க மிசஸ் கூட அப்பா வழியில ஒண்ணுமே இல்லைன்னு அடிச்சுச் சொன்னாங்க. இருங்க, அவங்களையே கூப்பிடறேன்."

எழுந்தவளை மறித்து, கையெடுத்துக் கும்பிட்டார்.

"அவளைக் கூப்பிடாதீங்கம்மா. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"குட்டு உடைஞ்சிடும்னு பயமா?"

அவர் கதவைப் பார்த்தார். கண்ணாடிக்கு அப்பால், வராந்தா பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள் மனைவி.

அவர் குரல் இறங்கியது.

"அண்ணன் சொன்னது எங்கப்பாவைப் பத்தி. நான் சொன்னது, பையனைப் பெத்தவனோட அப்பாவைப் பத்தி. இந்த ஜென்மத்துல மிதிக்கவே கூடாதுன்னு இருந்த வாசப்படி. இன்னிக்குக் காலையில போய் நின்னு, கேட்டு எழுதிட்டு வந்தேன்."

அவள் விரல் திரை மேலேயே நின்றுவிட்டது.

"எனக்குத் தெரியும்ங்கிறது அவளுக்குத் தெரியாதும்மா. பதினாலு வருஷமா."