மாரிச்செல்வியின் கன்னம்

எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யலாம், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. போட்டோவைப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு நிறம் கம்மி" என்று சொல்லிவிட்டார். அன்றே பூரணம் அத்தை மருந்துக்கடைக்குப் போய், சொறி படைக்குப் போடுகிற களிம்பை, நிறம் வெளுக்குமென்று வாங்கி வந்து மாரிச்செல்வியின் முகத்தில் தேய்க்கத் தொடங்கினாள்.

"எரியுது அத்தே. தோலு கரைஞ்சிரும்னு நர்சம்மா திட்டுறாங்க."

"எரிஞ்சாத்தாண்டி வேலை செய்யுதுன்னு அர்த்தம். வாயை மூடு."

மாரிச்செல்வி வாய்க்கு வந்ததை விழுங்கினாள். ஏழு மாதம் விழுங்கினாள். தோல் வெங்காயச் சருகாக மெலிந்தது. முதலில் சிவப்பு நரம்புகள் தெரிந்தன, பிறகு கடைவாய்ப் பல் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று காலை, விழுங்கிய வார்த்தைகளே கன்னத்துக்குள் தொட்டி மீன்களைப் போல நீந்தின. அத்தை பவுடரை அப்பிப் பார்த்தாள், மறையவில்லை.

காபித் தட்டோடு வந்து நின்றவளின் வலது கன்னத்தில் மாப்பிள்ளையின் அம்மா விரல் வைத்து வாசித்தார்: "சுண்ணாம்பு அடிக்க நான் என்ன சுவரா?"

இடது கன்னத்தைப் பார்த்த மாப்பிள்ளை அம்மாவின் முந்தானையை இழுத்தான். "இந்தப் பக்கம் உங்களைப் பத்தித்தாம்மா."

"நெத்தியில பூரா கெட்ட வார்த்தையால்ல இருக்கு!" என்று அவன் அப்பா எழுந்தார். மூவரும் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்கள்.

"வாயைத் தொறந்தியாடி பாவி?"

"தொறக்கவே இல்லையே அத்தே" என்றாள் மாரிச்செல்வி, களிம்பைக் கடைசிச் சொட்டுவரை சாக்கடையில் பிதுக்கியபடி.

இத்தனைக்கும் வந்த மூவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது.