இடமாற்றம் வரும்வரை

"அப்ப உங்கடை மனுசனை மாத்தினதோடை உங்கடை வேலையும் போயிடுமோ, மிஸ்?"

"போயிடும் ஐயா. அவர் இங்கே டியூட்டியில இருக்கிற வரைக்கும்தான் எனக்கு அனுமதி. அவர் பொலன்னறுவைக்குப் போனா நான் இங்கே யாரோட கையையும் பிடிக்க ஏலாது."

"அங்கை போய்?"

"புதுசா அப்ளை பண்ணணும். கிடைச்சா வேலை, கிடைக்காட்டி சமையல்."

ஷிரோமி சிரித்துக்கொண்டே பிலிப்புவின் வலது கையைத் தாங்கி மெல்ல உயர்த்தினாள். தோளுக்கு நேராக வந்ததும் அவர் முகத்தைச் சுளித்தார். அவள் நிறுத்திவிட்டாள். எப்போதும் அந்த இடத்தில்தான் கை நின்றுவிடும்.

குருநகரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது அந்தச் சின்னக் கிளினிக். ஜன்னலைத் திறந்தால் காற்றோடு கருவாட்டு வாசமும் உள்ளே வரும். ஷிரோமி அங்கே பிசியோதெரபிஸ்ட். சிலாபத்துக்காரி, தமிழும் சிங்களமும் கலந்து பேசும் வீட்டில் வளர்ந்தவள். கணவன் இராணுவத்தில் கப்டன். அவனுக்கு யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் வந்தபோது, கூட வந்த மனைவி என்பதால் அவளுக்கும் தற்காலிகமாகத் தொழில் செய்ய அனுமதி கிடைத்தது.

அனுமதி கிடைத்தது, ஆட்கள் வரவில்லை. 'ஆமிக்காரன்ரை பெண்சாதி' என்று தெரு ஒதுங்கிப் போனது. இன்னும் ஒரு கிழமை பார்ப்போம் என்று கிளினிக் முதலாளி சொல்லியிருந்த நேரத்தில்தான், அறுபதைத் தாண்டிய பிலிப்பு வீங்கிய தோளோடு உள்ளே வந்தார். பிறகு முழங்கால் நொந்தவர்களையும் இடுப்புப் பிடித்தவர்களையும் அவரே ஒவ்வொருவராகக் கூட்டி வந்தார். அவர்களில் பலருக்குக் குணமாகிவிட்டது. அவருடைய கை மட்டும் தோளுக்கு மேலே போக மறுத்தது. அவர் கொண்டுவரும் துணிப்பையைக்கூட அவள்தான் வாங்கி உயரத்து ஆணியில் மாட்டிவிடுவாள்.

"மிஸ், உவரை நம்பாதையுங்கோ." வாங்குப் பலகையில் காத்திருந்த லியோன் குரல் கொடுத்தான். "விடியக் கரையிலை வலை இழுக்கேக்கை உந்தக் கை இஞ்சின் மாதிரி வேலை செய்தது."

"உனக்கு முழங்கால் நோ எண்டுதானே கூட்டியந்தனான். கண்ணும் பழுதோ?" என்றார் பிலிப்பு.

"கண் நல்லாத்தான் கிடக்கு அண்ணை. மிஸ், எனக்கு ரெண்டாந் திகதி, ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன்னம் முழங்கால் மடங்கோணும். சேமக்காலையிலை அப்பாவின்ரை கல்லறையிலை மெழுகுதிரி கொளுத்தேக்கை முழந்தாளிலை நிக்கோணும். உவருக்கு அந்தக் கரைச்சல் இல்லை. உவற்றை ஆக்கள் ஒருத்தரும் இஞ்சத்தைச் சேமக்காலையிலை இல்லை."

ஷிரோமி தன் கழுத்திலிருந்த சின்னச் சிலுவையைத் தொட்டுக்கொண்டாள். "எங்க ஊர்லயும் அன்னைக்குக் கல்லறை முழுக்க வெளிச்சமா இருக்கும். நீங்க பக்கத்து ரூம்ல போய் முழங்காலுக்குச் சூடு வைங்க."

லியோன் நொண்டிக்கொண்டு போனான்.

"எப்ப வெளிக்கிடுறியள்?" பிலிப்பு கேட்டார்.

"அனுமதி இன்னையோட முடியுது. மயிலிட்டியில குவாட்டர்ஸுக்குன்னு ஆமி எடுத்திருக்கிற வீட்டை மூணாந்தேதி விடணும்."

"அப்ப ரெண்டாந் திகதி வீட்டிலைதான் நிப்பியள்?"

"சாமான் கட்டிட்டு இருப்பேன். ஏன் ஐயா?"

"சும்மா கேட்டனான்." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "உங்கடை மகளின்ரை ஊஞ்சல் இன்னும் வேம்பிலைதான் தொங்குதோ?"

ஒவ்வொரு முறையும் கேட்பார். கிணற்று நீர் உப்பாகிவிட்டதா, வேம்பு பூத்ததா, குழந்தை ஊஞ்சல் ஆடினாளா. தனிமையில் இருப்பவர்கள் இப்படித்தான், அடுத்தவர் வீட்டைப் பற்றிக் கதை கேட்பதுபோலக் கேட்பார்கள் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

"தொங்குது. கழட்ட விடமாட்டேங்கிறா. அந்த மரத்தடியை விட்டு அசையமாட்டா."

"நல்லது. அதிலை ஒரு பிள்ளைச் சத்தம் இருக்கிறது நல்லது."

ஷிரோமி அவருடைய தோளில் இருந்த எண்ணெயைத் துடைத்தாள். "எல்லாரையும் நடக்க வச்சேன். உங்களை மட்டும் பாதியில விட்டுட்டுப் போறேன் ஐயா. அதுதான் மனசு கேக்கல."

"நீங்கள் ஒண்டையும் பாதியிலை விடேல்லை." பிலிப்பு சட்டையைப் போட்டுக்கொண்டார். "முதல் நாள் சொன்னியள், உங்கடை வாசல்படியிலை ஒரு நங்கூரம் இருக்கெண்டு."

"ஆமா. சீமெந்துல யாரோ வரைஞ்சிருக்காங்க. மக அதுக்குத் தினமும் சோக் பூசுவா."

அவள் பையை எடுத்துக் கொடுக்கத் திரும்பினாள். அதற்குள் பிலிப்புவின் வலது கை தோளைத் தாண்டி, தலையைத் தாண்டி, ஒரு தடங்கலும் இல்லாமல் உயர்ந்து ஆணியிலிருந்து பையை எடுத்தது.

ஷிரோமி ஆணியையும் அந்தக் கையையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"நோ எப்பவோ மாறிட்டுது" என்றார் அவர். "அந்த வீட்டைக் கட்டேக்கை நங்கூரத்தை ஈரச் சீமெந்திலை கீறினது இந்தக் கைதான்."

பையிலிருந்து கடதாசி சுற்றிய ஒரு மெழுகுதிரியை எடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தார்.

"அந்த வேம்புக்குக் கீழை எங்கடை மூத்தவள் கிடக்கிறாள், பிள்ளை. சண்டைக்குள்ளை காய்ச்சல் வந்து போனவள். சேமக்காலைக்குக் கொண்டுபோக வழி இருக்கேல்லை. ரெண்டாந் திகதி இதை அதிலை ஒருக்காக் கொளுத்தி வைப்பியளோ?"