பன்னிரண்டாவது தங்கம்

"ஆயிரத்து எண்ணூறு பேரு இருக்கு. யாரைத் தேடினாலும் இல்லைங்குது. இதுக்குத்தான் ரெண்டு மாசமா அடிச்சீகளா?"

சி.டி.யை மேசையில் போட்டார் உபதேசியார் ஆசீர்வாதம். பரவை ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மாதா கோயில். அங்கே ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று எல்லாப் பதிவேடும் அவர் கையில்தான். முப்பது வருஷமாக அவர் வைத்ததுதான் சட்டம்.

அந்த அடக்கப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை ரவிசங்கரின் டி.டி.பி. சென்டருக்கு வந்திருந்தது. நாளை மறுநாள் கல்லறைத் திருநாள். வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் வீட்டுக் கல்லறையைத் தேடிப் பார்க்க அதை இன்டர்நெட்டில் போட வேண்டும் என்று ஃபாதர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

"தப்பு ஃபான்ட்டுல சார்," என்றார் ரவிசங்கர். "நாங்க அடிச்சது பழைய ஃபான்ட். கண்ணுக்குத்தான் அது தமிழ். கம்ப்யூட்டருக்கு உள்ளுக்குள்ள வெறும் இங்கிலீஷ் கிறுக்கல். நீங்க கோயில் கம்ப்யூட்டர்ல புது யூனிகோட் எழுத்துல தேடுறீங்க. அதுக்கு இது அடையாளமே தெரியாது. எல்லாத்தையும் மாத்தணும்."

"அப்ப செத்தவுக அம்புட்டுப் பேரும் உள்ளதான் இருக்காக. கூப்பிட்டா வரமாட்டாக. அதான?"

ரவிசங்கருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. "ஜெனிஷா, அந்த சி.டி.யைப் போட்டு ரெண்டு பேரை அடிச்சுக் காட்டும்மா. புது எழுத்தைக் காலைலதான் ஏத்தி வச்சேன்."

பதிவேடு முழுவதையும் அடித்தவள் ஜெனிஷா. அதே கோயிலைச் சேர்ந்தவள்.

'சூசை' என்று அடித்தாள். இல்லை என்றது. 'மரியம்மாள்' என்று அடித்தாள். இல்லை.

மூன்றாவதாக, நிச்சயமாக இல்லாத ஒரு பெயரை அடித்தாள். தங்கம்.

தங்கம் அவளுடைய சித்தி. இருபத்திரண்டு வயதில் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். தவறி விழுந்தாளா, குதித்தாளா, யாருக்கும் தெரியாது. குதித்தாள் என்று உபதேசியார் முடிவு கட்டினார். தற்கொலை என்றால் கோயில் அடக்கம் கிடையாது. மணி அடிக்கவில்லை. மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். பதிவேட்டில் பெயரும் ஏறவில்லை.

போன மாதம் ஜெனிஷாவின் அம்மா கோயில் வாசலில் அவரிடம் கெஞ்சினாள். இப்போதாவது அந்தப் பெயரை எழுதக் கூடாதா என்று கேட்டாள். "புத்தகத்துல இல்லாத பேரு இல்லாததுதான்" என்று நாலு பேர் முன்னால் கத்தி அனுப்பினார். பஸ்ஸில் வழியெல்லாம் அம்மா அழுதாள். அன்றிலிருந்து ஜெனிஷாவுக்கு இந்த மனிதரைக் கண்டாலே எரியும்.

என்டரைத் தட்டினாள்.

திரையில் பக்கங்கள் தாமாகவே ஓடின. அறுபத்தோராம் பக்கத்தில் நின்றன. ஒரு வரி மட்டும் கறுத்துக் காட்டியது.

'தங்கம். வயது 22. மரணம் 14.6.1987. கல்லறை: மதிலுக்கு வெளியே, புளியமரத்தடி.'

 

"அண்ணே..." ஜெனிஷா திரையை விரலால் தொட்டாள். "இந்த வரியை நான் அடிக்கலண்ணே."

பதிவேட்டின் ஜெராக்ஸைப் புரட்டினாள். அந்தப் பக்கம் சவரிமுத்து என்பவரோடு முடிகிறது. அதற்குக் கீழே வெற்றுத்தாள்தான்.

"மறுபடி தேடு," என்றார் ரவிசங்கர்.

தேடினாள். பதிவேட்டில் வேறு பதினோரு தங்கம் இருந்தார்கள். ஒருத்தியும் வரவில்லை. பதிவேட்டிலேயே இல்லாத இந்தத் தங்கம்தான் மறுபடியும் வந்தாள். இன்னொரு தடவை தேடினார்கள். அப்போதும் அவளேதான்.

ஜெனிஷா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "எங்க சித்திண்ணே அது. மாதா சத்தியமா நான் அடிக்கல."

ரவிசங்கர் திரைக்கு அருகில் குனிந்தார். "இது நம்ம ஃபான்ட்டே இல்ல. யூனிகோட். காலைல வரைக்கும் இந்த எழுத்து நம்ம கடைக்குள்ளயே கிடையாது. சி.டி. போட்டு ஒரு வாரம் ஆச்சு. எப்படிம்மா வந்துச்சு?"

கேட்டுவிட்டு அவரே இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். கம்ப்யூட்டர் படித்தவர்தான். ஆனாலும் கை தானாகச் சட்டைக்குள் இருந்த தாயத்தைத் தேடியது.

"எனக்கு எதுக்கு வம்பு? அந்த வரியை எடுத்துருவோம் சார். ஜெனிஷா, அழிச்சுரும்மா."

ஜெனிஷா அசையவில்லை. பதினெட்டு வருஷம் கழித்து வந்தவளை எப்படித் தன் கையால் அழிப்பது?  உபதேசியாரைப் பார்த்தாள். அவர் சொன்னால் அழித்துத்தான் ஆக வேண்டும்.

  ஆசீர்வாதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"அழிக்காத தாயி," என்றார்.  "பிழை பாக்கச் சொல்லி ஃபைலைக் கோயிலுக்குக் குடுத்து விட்டீகள்ல, அப்ப நான்தான் கோயில் கம்ப்யூட்டர்ல அடிச்சேன். உங்கம்மா அழுதுக்கிட்டே போன அன்னைக்குச் சாயங்காலம். அந்த ஒரு வரிக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. இம்புட்டுப் பேருக்கு நடுவுல யாரு கண்ணுலயும் படாதுன்னு நினைச்சேன்..."

ரவிசங்கர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அவளைத் தொடாதீக. மத்தவுக எல்லாரையும் அவளை மாதிரி மாத்துங்க."