கல்லறையில் மூட்டிய அடுப்பு

கல்லறைத் திருநாளன்று, நர்ஸ் ஞானசௌந்தரியின் சமாதியருகே அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள் தேயிலை பறிக்கும் பாலாமணி. பங்குத்தந்தை வெகுண்டார்.

“கிறிஸ்தவக் கல்லறையில படையலா? செத்தவங்க வந்து குடிப்பாங்களா?”

“சாகுறவரைக்கும் எங்களுக்குக் காய்ச்சி ஊத்துனது இந்தம்மாதானுங்க சாமி. இப்ப எங்க மொறை.”

“அடுப்பை அணை!”

“அணைக்க மாட்டேனுங்க.”

அவ்வேளையில் எஸ்டேட் காவலாளி லிங்கசாமி மூச்சிரைக்க ஓடிவந்தான். “ஏம்மா, தேயிலை வெலை விழுந்து ஃபேக்டரியே பூட்டிக் கெடக்குது. எஸ்டேட் பட்டினி வெளிய தெரிஞ்சா அசிங்கம், கஞ்சித்தொட்டி வெக்கக்கூடாதுன்னு மேனேஜர் தொரை சொன்னாருல்ல?”

“எஸ்டேட் நெலத்துலதானே கூடாது? இது சர்ச் நெலம்!” என்று பாலாமணி நிமிர்ந்து நின்றாள்.

சுற்றுச்சுவருக்கு அப்பால் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் தட்டேந்தி நிற்பதைப் பங்குத்தந்தை அப்போதுதான் கண்டார். அகப்பையைத் தம் கையில் வாங்கிக்கொண்டார்.

“இங்க பூசை நடக்குது லிங்கசாமி. ஃபேக்டரி தெறக்கிறவரைக்கும் தெனமும் நடக்கும்னு போய்த் தொரைகிட்டச் சொல்லு!”