காக்கிள்ஸ் பாட்டு எத்தனையாவது இடம்?

"கடைசிக் கேள்வி. உங்க ஊரு காக்கிள்ஸ் குழுவோட ஒரே ஹிட் பாட்டு, ரெக்கார்டு விற்பனைப் பட்டியல்ல எத்தனையாவது இடம் வரைக்கும் போச்சு?"

மைக்கில் ஷரோன் கேட்டு முடித்ததும் பப்பில் பேச்சு நின்றது. பாலின் பக்கத்திலிருந்த கணவர் மால்கமை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

வியாழக்கிழமை விநாடி வினாவை நடத்துகிறவர் பப் முதலாளி. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து மாடியில் படுத்திருந்தார். அவருக்குப் பதிலாக மைக்கைப் பிடித்த கொழுந்தியாள் ஷரோன் வெளியூர், டெர்பிக்காரி. காக்கிள்ஸின் டிரம்மர் மால்கம் தன் மூக்குக்கு நேரே உட்கார்ந்து கடலை கொறிக்கிறார் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

மால்கமைக் கேட்டால் முதலிடம் என்பார். கேட்காவிட்டாலும் சொல்வார். மகள் கல்யாணத்தில் சொன்னார். மீன் துறைமுகத்தில் ஓய்வு பெற்ற அன்று சொன்னார். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கப் போன இடத்தில், மூச்சை அடக்கச் சொன்ன பெண்ணிடம்கூடச் சொன்னார்.

பாலினும் நம்பிக்கொண்டுதான் இருந்தாள். நாற்பதாவது கல்யாண நாள் கேக்கில், பாட்டு முதலிடம் பிடித்த தேதியை எழுதவேண்டும் என்று ஆசைப்பட்டு, தேதியைச் சரிபார்க்க கிரிம்ஸ்பி நூலகத்துக்குப் போகும்வரை.

பட்டியல் புத்தகத்தில் இரண்டு என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அப்போதும் இரண்டுதான்.

புத்தகத்தைத் தோட்டக்கலை அடுக்கில் செருகிவிட்டு வந்தாள். கேக்கில் ஒரு டிரம் படம் மட்டும் போடச் சொன்னாள். அன்றிலிருந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது ஊர் முன்னால் உடையப்போகிறது. மனுஷன் தாங்கமாட்டார்.

மால்கம் இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு விடையை எழுதினார். பாலினுக்குக்கூடக் காட்டவில்லை. பேனா அவர் கையில் இருந்தால் எப்போதுமே இந்த அலட்டல்தான்.

திருத்துவதற்காக ஒவ்வொரு மேஜையும் பக்கத்து மேஜையோடு தாளை மாற்றிக்கொண்டது. பாலினுக்கு ஃப்ரீடாவின் தாள் வந்தது. அரை மதிப்பெண்ணுக்காகச் சொந்தத் தம்பியோடு பேச்சை முறித்துக்கொண்டவள் ஃப்ரீடா. போதாக்குறைக்கு, அந்தக் காலத்தில் ரெக்கார்டுக் கடையில் நின்று, வாராவாரம் பட்டியலைக் கண்ணாடியில் ஒட்டியவளே அவள்தான்.

பாலின் பயந்துகொண்டே கடைசி வரியைப் பார்த்தாள்.

ஒன்று என்று எழுதியிருந்தது.

"சரியான விடை, ரெண்டு," என்றாள் ஷரோன்.

யாரும் மால்கம் பக்கம் திரும்பவில்லை. எல்லோருக்கும் திடீரென்று தங்கள் பீரில் பார்ப்பதற்கு ஏதோ இருந்தது. மேஜை மேஜையாகப் பேனாக்கள் தப்புப் போட்டன.

"என்னங்க இது, சொந்த ஊரு குழு! ஒருத்தருக்குமா தெரியல?"

"தெரியல கண்ணு," என்று மூலையிலிருந்து ஒரு கிழவர் சொன்னார். பப் மொத்தமும் தலையாட்டியது.

பாலினுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆளாளுக்கு எப்போதோ ஒருநாள் சரிபார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மேஜையாகப் போய், ஃப்ரீடா உட்பட, எல்லோரையும் கட்டிக்கொள்ளவேண்டும் போலிருந்தது.

அந்த ஃப்ரீடா, மால்கமின் தாளைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றாள்.

"ஒரு டீம் மட்டும் சரியா எழுதியிருக்கு," என்றாள். பிறகு குரல் கூரையைத் தொட்டது. "அடப்பாவி மால்கம்! உனக்காக ஊரே முட்டாளா நிக்குது, நீ ரெண்டுன்னு எழுதி வச்சிருக்க!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அந்த ஒரு மதிப்பெண்ணில்தான் மால்கமும் பாலினும் ஜெயித்திருந்தார்கள் என்று தெரிந்தபோது இன்னொரு முறை எழுந்தது.

அந்த இரைச்சலில் பாலின் அவர் காதருகே குனிந்தாள்.

"எப்பத்துலேருந்து தெரியும்?"

"அந்த வாரமே தெரியும்." மால்கம் பேனாவை மூடினார். "டான்ஸ் ஹால் வாசல்ல வந்து, நம்பர் ஒன்னான்னு கேட்டியே. உன் மூஞ்சியப் பாத்ததுக்கு அப்புறம் ரெண்டுன்னு சொல்ல வாய் வரல."

"அப்ப இன்னைக்கு மட்டும் எப்படி எழுத வந்துச்சாம்?"

மால்கம் அவளைப் பார்க்காமல் கடலையைத் தேடினார். காது சிவந்திருந்தது.

"இனிமே நீ என்னை விட்டுட்டுப் போகமாட்டேன்னு ஒரு தைரியம்தான்."

பாலினுக்குக் கண் நிறைந்துவிட்டது. கொள்ளுப்பேரன் பிறந்த பிறகா ஒருத்தருக்கு இந்தத் தைரியம் வரும் என்று கேட்க நினைத்தாள். அவர் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு மட்டும் கிள்ளினாள்.