நின்ற வண்டி கணக்கில் வராது

பதிவு அலுவலகத்தின் ஜன்னலிலிருந்து பார்த்தால் மாப்பிள்ளை நன்றாகவே தெரிந்தான்.

எதிர்ப்புற நடைபாதையில் முழங்காலிட்டு, கைப்பேசியைத் தரையோடு தரையாகப் பிடித்திருந்தான். அவனுக்கு முன்னால் வெளிர்பச்சையில் ஒரு பழைய கார். வட்ட விளக்குகள், பளபளக்கும் பம்பர். இந்தத் தெருவில் வந்து நிற்க அதற்கு எந்த நியாயமும் இல்லை.

மணப்பெண் மறுபடியும் அவனைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"ஃபோட்டோ எடுத்தாச்சுல்ல? மேல வா. நம்ம முறை வந்து எவ்வளவு நேரமாச்சு."

"நிக்கிற வண்டி கணக்குல வராதும்மா. உனக்குத் தெரியாதா என்ன?"

தெரியும். பழைய வண்டிகளைத் தேடிப் படம் பிடிக்கும் அவனுடைய குழுவுக்கு ஒரே ஒரு சட்டம்தான். பழைய வண்டி பொதுச் சாலையில், தன் சொந்த எஞ்சினில், தன் வேலையாகப் போய்க்கொண்டிருக்க வேண்டும். கண்காட்சிக்கு வந்தது, லாரியில் ஏற்றிப் போனது, மரத்தடியில் நின்றது எதுவும் சேராது. காய்கறி வாங்கப் போகும் வண்டி என்றால் உயிரையே விடுவார்கள்.

"இந்த மாடல் ஓடுற நிலையில ஒண்ணுகூட இல்லைன்னு எல்லாரும் அடிச்சுச் சொன்னாங்க. கண்ணாடியக் கொஞ்சம் இறக்கி விட்டுட்டுப் போயிருக்கார். அப்படின்னா பக்கத்துலதான் இருப்பார். இதோ வந்துருவார்."

"யாரு?"

"வண்டிக்காரர்!"

அவள் கைப்பேசியை மடியில் வைத்தாள். வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். புதுச் செருப்பு குதிகாலைக் கடித்தது.

காதலைச் சொன்ன அன்றும் அவன் பாதி வாக்கியத்தில் ஓடினான். சிக்னலில் ஏதோ ஒரு சிவப்பு வண்டி. திரும்பி வந்து, மூச்சிரைக்க, விட்ட இடத்திலிருந்து சரியாக முடித்தான். அன்று அது அழகாக இருந்தது. தோழிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"மாப்பிள்ளை வந்தா முடிச்சிரலாம்மா," என்றார் பதிவாளர். மற்ற ஊழியர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். "நீங்கதான் கடைசி. நான் இருக்கேன், அவசரமில்ல."

தங்கமான மனிதர். பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார்.

சாட்சிக் கையெழுத்துக்கு வந்திருந்த அவனுடைய அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"பொறந்தப்பவே ஆஸ்பத்திரி வாசல்ல என்ன வண்டி நிக்குதுன்னு பாத்துட்டுத்தான் அழுதிருப்பான். நீ உக்காரு. நான் போய் காதைத் திருகி இழுத்துட்டு வரேன்."

தடதடவென்று படியிறங்கும் சத்தம் கேட்டது.

ஜன்னலில் அக்கா தோன்றினாள். முதலில் இடுப்பில் கை வைத்து நின்று திட்டினாள். அவன் எதையோ சுட்டிக் காட்டினான். அக்கா குனிந்து பார்த்தாள். இன்னொன்றைக் காட்டினான். அக்கா வாயில் கை வைத்தாள்.

பிறகு அவனுடைய கோட்டு அக்காவின் தோளுக்கு வந்தது.

சற்று நேரத்தில் அக்கா தெருமுனையில் நின்றாள். வண்டி அந்தப் பக்கம் திரும்பினால் அங்கிருந்து எடுக்க, தன் கைப்பேசியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி. ஒரு சைக்கிள்காரரை ஓரமாகப் போகச் சொல்லி அதட்டினாள். அவளும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

மணப்பெண் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையசைத்து இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னான். அக்கா நின்றாள். எத்தனை வருடப் பழக்கமோ.

பதிவாளர் எழுந்து அவள் அருகே வந்தார். படிக்கும் கண்ணாடியைக் கழற்றி, தெருவைக் கூர்ந்து பார்த்தார்.

"யாரும்மா அந்தப் பையன்? ரொம்ப நேரமா என் வண்டியையே சுத்திச் சுத்தி வரானே."

அவள் கை ஜன்னல் கொக்கிக்குப் போனது.

ஜன்னலைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'நீ மேல வராம வண்டிக்காரர் கீழ வரமாட்டார்' என்று. இரண்டிரண்டு படியாகத் தாவி வந்துவிடுவான். எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடுவான். பேனாவைத் திருப்பிக் கொடுப்பதற்குள், பதிவாளருக்கு முன்னால் தெருவில் இருக்கவேண்டுமே என்று ஓடுவான். அவளையும் இழுத்துக்கொண்டு. இன்னொரு தெருமுனைக்கு ஆள் வேண்டும்.

கீழே அவன் நடைபாதையில் குப்புறவே படுத்துவிட்டான். புதுச் சட்டையோடு. அத்தனை சந்தோஷமாக அவனை அவள் பார்த்ததில்லை.

"தெரியலையே சார்," என்றாள். "நீங்க கிளம்புங்க. இனி யாரும் வரமாட்டாங்க."

பதிவாளர் அவளைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். அந்த மேசைக்கு முன்னால் எத்தனையோ பார்த்தவர். வேறொன்றும் கேட்காமல் விளக்குகளை அணைத்தார். அவள் நின்ற இடத்து விளக்கை மட்டும் விட்டுவைத்தார்.

"கதவைச் சும்மா சாத்திட்டுப் போங்கம்மா. தானா பூட்டிக்கும்."

எஞ்சின் முதல் முறை இருமியது. இரண்டாவது முறை பிடித்துக்கொண்டது. வெளிர்பச்சை வண்டி அவனைக் கடந்து, அக்காவைக் கடந்து, தன் வேலையாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவளுடைய கைப்பேசி ஒலித்தது.

"கிடைச்சிருச்சு! பாத்தியா? என்ன ஓட்டம்! இதோ ஓடி வரேன், அந்த ரெஜிஸ்ட்ரார் எங்கயும் போயிராமப் பாத்துக்கோ!"